ஃபேன் இல்லாத கேஸ்: ராஸ்பெரி பை 5-க்கு எதைப் பார்த்து வாங்குவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். 8 ஜிபி ராஸ்பெரி பை 5 (உள்ளங்கை அளவுள்ள சின்னக் கணினி போர்டு) வாங்கியாகிவிட்டது. வேலூரில் உங்கள் வீட்டுப் படுக்கையறையில், டிவிக்குக் கீழே இருக்கும் மர அலமாரியில் வைத்து இரவு பகலாக ஓட்ட வேண்டும். விளம்பரங்களைத் தடுக்க பை-ஹோல், எல்லார் போனிலிருந்தும் போட்டோக்களைச் சேர்க்க இம்மிச், படம் பார்க்க ஜெல்லிஃபின். ஃபேன் சத்தம் கூடவே கூடாது. எந்த அலுமினிய கேஸ் (போர்டை வைத்து மூடும் பெட்டி) வாங்கலாம்? நண்பரிடம் பை 4-க்கு வாங்கிய கேஸ் ஒன்று சும்மா கிடக்கிறது, அது பொருந்துமா?

முதலில் நேரடியான விடை. ஃபேன் இல்லாமல் ஓட்ட முடியும். போர்டின் மேலும் கீழும் இரண்டு கனமான அலுமினியத் தட்டுகள் வந்து ஸ்க்ரூவில் இறுகும் வகையை வாங்குங்கள். மேல் தட்டில் ஆழமான, தள்ளித் தள்ளி நிற்கும் துடுப்புகள் (வெப்பத்தைக் காற்றில் விட எழும்பி நிற்கும் தகடுகள்) இருக்க வேண்டும். அலமாரிக்குள் வைக்காதீர்கள், அதன் மேலே வையுங்கள். கோடைக்கு ப்ராசஸர் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். கேஸில் செலவழிக்கும் கவனத்தைவிட, அதைப் பொருத்தும்போது சிப்புக்கும் உலோகத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதில் அதிகக் கவனம் செலுத்துங்கள். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் ஏமாந்தவர்களில் பாதிப் பேர் நல்ல கேஸ் வாங்கி, இந்த ஒரு இடத்தில் கோட்டை விட்டவர்கள்தான்.

ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். கணக்கு கொஞ்சம் வரும். அதைப் பிடித்துக்கொண்டால் எந்தக் கம்பெனி கேஸ் கண்ணில் பட்டாலும் நீங்களே எடைபோட்டுவிடலாம்.

வெப்பம் எவ்வளவு என்பதில் தொடங்குவோம். பை 5 சும்மா இருக்கும்போது 3 வாட் அளவில் எடுக்கும். ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் நான்கு கோரும் 2.4 கிகாஹெர்ட்ஸில் முழுதாக ஓடினால் 7, 8 வாட் வரை போகும். எடுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பம்தான், அது அந்தச் சின்ன கேஸ் வழியாகத்தான் அறைக்குள் வெளியேற வேண்டும். சிப் 80 டிகிரியைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கும், 85-ல் நன்றாகவே குறைத்துவிடும். இதைத்தான் த்ராட்டில் என்கிறோம். அதனால் சிப் எரிந்துபோகும் என்ற பயம் வேண்டாம். வேகம் போகும், அவ்வளவுதான். 60, 65 டிகிரியில் நாள் முழுக்க ஓடினாலும் சிப்புக்கு ஒன்றும் ஆகாது. 45-ஐ 40 ஆக்குகிறேன் என்று கூடுதலாகச் செலவு செய்யாதீர்கள்.

அடுத்தது காற்று. போர்டு 85-க்கு 56 மில்லிமீட்டர். அதை மூடும் கேஸ் 95-க்கு 65, உயரம் 30 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆறு பக்கமும் சேர்த்து 220 சதுர செ.மீ. வரும். அடிப்பக்கம் மேசையை ஒட்டி இருப்பதால் அதன் பெரும் பகுதி வேலை செய்யாது, ஆகவே 180 என்று பிடிப்போம். அசையாத காற்றில், வெப்பக் கதிர்வீச்சையும் சேர்த்து, ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 10 வாட் வெளியேற்றும். அப்படியானால் இந்தப் பெட்டி ஒரு டிகிரிக்கு 0.18 வாட் வெளியேற்றும். 7 வாட் வெளியேற, கேஸ் அறையைவிட 39 டிகிரி அதிகமாகச் சூடாக வேண்டும்.

வெளிநாட்டு வீடியோக்களில் இந்த கேஸ்களைப் பாராட்டிப் பேசும் அறையில் 21, 22 டிகிரி இருக்கும். அங்கே கேஸ் 61 டிகிரியில் நின்றுவிடும், பார்க்க அழகான எண். வேலூரில் மே மாதத்து மத்தியானம், மாடி வீட்டில், ஏசி போடாத அறையில் 38 டிகிரி என்பது அதிசயம் இல்லை. 38-உம் 39-உம் 77. அது கேஸின் வெப்பம். சிப் அதற்கும் சில டிகிரி மேலே இருக்கும். அதாவது துடுப்பு இல்லாத, வழவழப்பான, அழகான சின்னப் பெட்டி எதுவாக இருந்தாலும், நம் ஊர் கோடையில் முழு வேலை கொடுத்தால் த்ராட்டில் விளிம்பில் போய் நிற்கும். கம்பெனி பொய் சொல்லவில்லை. அவர்கள் அளந்த அறை வேறு, உங்கள் அறை வேறு.

அதே கணக்கைச் சும்மா இருக்கும் 3 வாட்டுக்குப் போட்டால் 17 டிகிரிதான் ஏறும். 38-உம் 17-உம் 55. கவலையே இல்லை. ஆகவே முக்கியமான கேள்வி, உங்கள் பை எவ்வளவு நேரம் முழு வேலை செய்யும் என்பதுதான்.

பை-ஹோலுக்கு வேலை என்று ஒன்றும் இல்லை, அதை மறந்துவிடலாம். ஜெல்லிஃபினில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். டிவியோ போனோ வீடியோவை இருக்கிற வடிவிலேயே ஓட்டிக்கொண்டால் பை வெறும் கோப்பை எடுத்துக் கொடுக்கும் வேலையைத்தான் செய்கிறது, சூடே ஏறாது. வடிவம் பொருந்தாமல் வேறாக மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தால் கதை மாறும். பை 5-ல் வீடியோவை என்கோட் செய்யும் (வேறு வடிவில் மாற்றி எழுதும்) வன்பொருள் கிடையாது, எல்லாம் ப்ராசஸர் தலையில்தான் விழும். படம் முடியும் வரை நான்கு கோரும் கொதிக்கும். ஆகவே டிவியில் நேராக ஓடும் வடிவில் கோப்புகளை வைத்துக்கொள்ளுங்கள். அமைப்புகளில் மாற்றிக் கொடுக்கும் வசதியை அணைத்துவிடலாம். கேஸ் வாங்குவதைவிட இது பெரிய குளிரூட்டல்.

இம்மிச் முதல் முறை மட்டும் கஷ்டப்படுத்தும். பழைய போட்டோக்கள் ஐயாயிரம், பத்தாயிரம் என்று ஒரேயடியாக ஏற்றினால் சின்னப் படங்கள் உருவாக்குவது, முகங்களைப் பிரித்து அடையாளம் காண்பது என்று மணிக்கணக்கில் ஓடும். அந்த முதல் ஏற்றத்தை இரவில், ஏசி ஓடும்போதோ, மின்விசிறிக்கு நேரே வைத்தோ செய்துவிடுங்கள். அப்புறம் தினமும் நாலைந்து போட்டோ வந்தால் ஒரு நிமிட வேலை.

சரி, இப்போது கேஸுக்குள் போவோம்.

சிப்பிலிருந்து கேஸுக்கு வெப்பம் கடக்கும் இடம் ஒரு தபால்தலை அளவு. அந்த இடத்தில் தெர்மல் பேட் என்ற மெத்தென்ற ரப்பர் போன்ற பொருளை வைப்பார்கள். சிப்பின் மேல்மூடி 15 மி.மீ. சதுரம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 1 மி.மீ. தடிமனில், வெப்பக் கடத்துதிறன் 1.5 (எண் கூடினால் வெப்பம் எளிதாகக் கடக்கும்) உள்ள சாதாரண பேட் வைத்தால் வாட்டுக்கு 3 டிகிரி அங்கேயே நின்றுவிடும். 6 வாட் கடந்தால் 18 டிகிரி. அதே இடத்தில் அரை மி.மீ. தடிமனில், கடத்துதிறன் 6 உள்ள பேட் வைத்தால் 2 டிகிரிதான் நிற்கும். சின்னச் சதுரத் துண்டு ஒன்றை மாற்றினால் 16 டிகிரி குறைகிறது. எந்தத் துடுப்பும், எந்தச் செம்புத் தகடும் இவ்வளவு மலிவாக இதைச் செய்யாது.

பேட் சரியாக ஒட்டாமல் நடுவில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு காற்று இடைவெளி விழுந்தால்? காற்றின் கடத்துதிறன் 0.026 மட்டுமே. கணக்குப்படி வாட்டுக்கு 17 டிகிரி. கேஸ் எத்தனை கனமாக இருந்தாலும் அது வெறும் அலங்காரம் ஆகிவிடும்.

இதை நான் நேரில் பட்டிருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் பை 4-க்கு ஒரு அலுமினிய கேஸ் வாங்கிப் பொருத்தினேன். வேலை கொடுத்த சில நிமிஷத்திலேயே 80-ஐத் தொட்டது. கேஸைக் கையால் தொட்டால் வெதுவெதுப்பு மட்டும்தான். அதுதான் துப்பு. சிப் கொதிக்கிறது, கேஸ் குளிர்ச்சியாக இருக்கிறது என்றால் வெப்பம் கேஸுக்கு வந்தே சேரவில்லை. நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி மேல் தட்டை மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். மெமரி சிப்பின் மேல் இருந்த பேட் நன்றாக அமுங்கி, சிப்பில் எழுதியிருந்த எழுத்துகளின் தடம்கூட அதில் விழுந்திருந்தது. ப்ராசஸரின் மேல் இருந்த பேடில் ஒரே ஒரு ஓரத்தில், நகத்தால் அழுத்தியது போல ஒரு கோடு. மற்ற இடமெல்லாம் புதிதாகப் பிரித்தது போல வழவழவென்று இருந்தது. பெட்டியில் இரண்டு தடிமனில் பேட் கொடுத்திருந்தார்கள், எது எங்கே என்று தாளில் இல்லை. நான் மாற்றி வைத்துவிட்டேன். தடித்த பேட் மெமரியின் மேல் போனதால் தட்டு அங்கே முட்டிக்கொண்டு, ப்ராசஸர் பக்கம் தூக்கி நின்றது. இரண்டையும் இடம் மாற்றி வைத்ததும், அதே வேலைக்கு அறுபதுகளில் நின்றது. இந்த முறை கேஸ் தொட முடியாத சூடு. தொட முடியாத சூடு நல்ல செய்தி என்று அன்றைக்குத்தான் மனதில் பதிந்தது.

ஆகவே நீங்கள் பொருத்தும்போது இப்படிச் செய்யுங்கள். பேடின் இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கும், ஒன்று நிறமுள்ளது, ஒன்று கண்ணுக்கே தெரியாதது. இரண்டையும் உரியுங்கள். இரண்டாவதை விட்டவர்கள் நிறையப் பேர். சிப்பின் மேல் விரல் படாதபடி துணியில் கொஞ்சம் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, பேடை வைத்து, தட்டை வைத்து, ஸ்க்ரூக்களைக் குறுக்குக் குறுக்காக, ஒவ்வொன்றையும் பாதிப் பாதியாக முடுக்குங்கள். ஒரு மூலையை முதலில் இறுக்கிவிட்டால் தட்டு சாய்ந்துவிடும், போர்டும் வளையும். பிறகு உடனே ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். பேடில் சிப்பின் முழுச் சதுரமும் சமமாகப் பதிந்திருக்க வேண்டும். பதிந்திருந்தால் மறுபடி மூடிவிடலாம். இந்த இரண்டு நிமிஷ வேலையைச் செய்யாமல் விடாதீர்கள்.

பேடுக்குப் பதிலாக வெப்பம் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் போடலாமா என்று கேட்பீர்கள். கேஸிலிருந்து சிப்பை நோக்கி இறங்கும் உலோகத் தூண் சிப்பை நேராகத் தொடும்படி துல்லியமாகக் கடைந்திருந்தால் பேஸ்ட் பேடைவிட நல்லது. தூணுக்கும் சிப்புக்கும் நடுவே அரை மில்லி இடைவெளி விட்டு, பேடுக்கென்றே வடிவமைத்த கேஸில் பேஸ்ட் போட்டால் அந்த இடைவெளியை அது நிரப்பாது, நிலைமை இன்னும் மோசமாகும். முதலில் பேட் இல்லாமல் மூடிப் பார்த்து, இடைவெளி எவ்வளவு என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

கேஸ் வகைகளுக்கு வருவோம். கடையில் 'ஃபேன் இல்லாதது' என்ற பெயரில் விற்பவை எல்லாம் ஒன்று இல்லை. பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிப்பின் மேல் ஒட்டிக்கொள்ள மூன்று சின்ன ஹீட் சிங்க் (வெப்பத்தை வாங்கி வெளியே விடும் உலோகம்) துண்டுகள் கொடுப்பார்கள். அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். அந்தத் துண்டுகள் வெப்பத்தைப் பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்குத்தான் கொடுக்கும், பிளாஸ்டிக் அதை வெளியே விடாது. 2019 ஜூனில் பை 4 வந்த புதிதில் மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் போட்டவர்கள் எல்லோரும் இந்தப் பாடத்தைப் படித்தார்கள். பிறகு ஃபர்ம்வேர் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றங்களால் சூடு கொஞ்சம் குறைந்தது, ஆனால் மூடிய பிளாஸ்டிக் மூடிய பிளாஸ்டிக்தான்.

உண்மையான வகைகள் இரண்டு. ஒன்று, கேஸின் உடலே ஹீட் சிங்க். உள்ளிருந்து ஒரு அலுமினியத் தூண் இறங்கி ப்ராசஸரைத் தொடும், சுற்றுச்சுவர் முழுக்க வெப்பத்தை வெளியே விடும். ஃப்ளிர்க் கேஸ் இந்த வகை. பார்க்க அழகு, வரவேற்பறையில் வைக்கலாம், தூசி உள்ளே போகாது. பரப்பு குறைவு என்பதுதான் குறை, மேலே நாம் போட்ட 39 டிகிரி கணக்கு இதற்குத்தான். குளிர்ந்த அறைக்கும், லேசான வேலைக்கும் இதைத் தாராளமாக வாங்கலாம்.

இன்னொன்று நான் முதலில் சொன்ன இரட்டைத் தட்டு வகை, 'ஆர்மர்' என்ற பெயரில் பல பேர் விற்கிறார்கள். பக்கங்கள் திறந்திருக்கும், அழகு கொஞ்சம் குறைவு, மேலே துடுப்புகள். துடுப்பினால் பரப்பு ஒன்றரை, இரண்டு மடங்கு ஆகிறது. விலையும் பெரும்பாலும் குறைவுதான். வேலூர் வெயிலுக்கு என் ஓட்டு இதற்கே.

துடுப்பு என்று சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். சீப்புப் பல் போல நெருக்கமாக, இரண்டு மில்லி இடைவெளியில் நிற்கும் துடுப்புகள் ஃபேன் காற்று அடித்தால்தான் பயன்படும். ஃபேன் இல்லாதபோது காற்று தானாக உள்ளே போய், சூடாகி, மேலே எழ வேண்டும். அதற்குத் துடுப்புகளுக்கு நடுவே ஐந்தாறு மில்லியாவது இருக்க வேண்டும். ஒரு சுண்டுவிரல் நுனி பாதியாவது நுழைகிறதா என்று படத்தில் பாருங்கள். எண்ணிக்கை குறைவாக, உயரமாக, தள்ளித் தள்ளி இருப்பவைதான் வேண்டும்.

நிறத்தைப் பற்றி நிறையச் சண்டை நடக்கும். அசையாத காற்றில், இந்தச் சூட்டில், வெளியேறும் வெப்பத்தில் ஏறக்குறைய பாதி கதிர்வீச்சாகவே போகிறது. பளபளவென்று பாலிஷ் செய்த வெற்று அலுமினியம் அந்தக் கதிர்வீச்சை மிகக் குறைவாகவே விடும், பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அனோடைஸ் செய்ததோ (மேலே ஆக்சைடு படலம் ஏற்றியதோ) பெயின்ட் அடித்ததோ எண்பது, தொண்ணூறு சதவீதம் விடும். ஆகவே பாலிஷ் மட்டும் வேண்டாம். கறுப்பா, நீலமா, சிவப்பா என்பது பொருட்டே இல்லை, நம் கண் பார்க்கும் நிறத்தை அகச்சிவப்புக் கதிர் பார்ப்பதில்லை. உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள்.

எடையைப் பார்ப்பதும் நல்லதுதான், ஆனால் அது எதற்கு உதவும் என்று தெரிந்து பாருங்கள். கனமான கேஸ் சூடாக நேரம் எடுத்துக்கொள்ளும், கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பதைப் பரப்புதான் தீர்மானிக்கும். 150 கிராம் அலுமினியத்தை ஒரு டிகிரி ஏற்ற 135 ஜூல் வேண்டும். நாம் கணக்குப் போட்ட பெட்டி, ஏற வேண்டிய சூட்டில் மூன்றில் இரண்டு பங்கை எட்டவே பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். பத்து நிமிஷம் சோதித்து '60 டிகிரிதான்' என்று எழுதும் விமர்சனங்களை நம்பாதீர்கள். பத்து நிமிஷத்தில் பாதி தூரத்தைத் தாண்டியிருக்கும், அவ்வளவே. ஒரு மணி நேரம் ஓட்டி, எண் ஏறாமல் நிற்கும் இடம்தான் உண்மை. இதே குணம் உங்களுக்குச் சாதகமாகவும் இருக்கும். மூன்று நிமிஷம் வந்து போகும் வேலைகளை கேஸ் அப்படியே விழுங்கிவிடும், சிப்புக்குத் தெரியவே தெரியாது. வீட்டு சர்வரில் பெரும்பாலான வேலை அப்படிப்பட்டதுதான்.

பை 5-ன் சிப்பை ஃபேன் இல்லாமல் ஓட்டுவது யாரோ விளையாட்டுக்குச் செய்வது என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பரில் வந்த ராஸ்பெரி பை 500, கீபோர்டுக்குள்ளேயே கணினி இருக்கும் மாடல், அதே ப்ராசஸரை அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓட்டுகிறது. ஃபேன் கிடையாது. கீபோர்டின் அகலத்துக்கு உள்ளே ஒரு பெரிய அலுமினியத் தகடு, அவ்வளவுதான். அதற்கு முந்தைய பை 400-உம் அப்படித்தான். பரப்பு கிடைத்தால் போதும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. உங்கள் கேஸில் கீபோர்டு அளவு தகடு வைக்க முடியாது, அதனால்தான் துடுப்பு.

இடம். மர அலமாரி வேண்டாம் என்றேன். மரம் வெப்பத்தை விடாது, கூடவே செட்டாப் பாக்ஸும் ரவுட்டரும் இருந்தால் உள்ளே இருக்கும் காற்று அறையைவிடப் பத்து டிகிரி மேலே போவது சாதாரணம். அந்தப் பத்து அப்படியே சிப்பின் வெப்பத்தில் கூடும். அலமாரியின் மேலே வைத்தால் இன்னொரு லாபமும் இருக்கிறது. படுக்கையறையில் மின்விசிறி சுற்றும். முகத்தில் லேசாகப் படும் காற்றே இந்த மாதிரி கேஸுக்கு ஏராளம், வெளியேறும் வெப்பம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஃபேன் இல்லாத கேஸுக்கு நம் வீடுகளில் கூரையில் ஏற்கெனவே ஒரு ஃபேன் இருக்கிறது. ஆனால் சோதனை செய்யும்போது அதை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும் நேரத்தில் மின்விசிறி மெதுவாகச் சுற்றும்.

முடிந்தால் கேஸைக் கிடையாக வைக்காமல் சுவரில் நிமிர்த்தி மாட்டுங்கள், துடுப்புகள் மேலும் கீழுமாக ஓட வேண்டும். சூடான காற்று புகைபோக்கியில் போவது போல அந்தச் சந்துகளில் மேலே ஏறிவிடும். கிடையாகத்தான் வைப்பேன் என்றால் அடியில் ரப்பர் கால்கள் வைத்து அரை அங்குலமாவது தூக்குங்கள், அடித்தட்டும் வேலை செய்யட்டும். ஒன்று சொல்ல வேண்டும்: கேஸ் 65, 70 டிகிரியில் இருந்தால் கை வைத்தால் சுடும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் சுவரில் உயரமாக மாட்டுவதே சரி.

வைஃபை பற்றிச் சுருக்கமாக. பையின் ஆன்டெனா போர்டிலேயே ஓரத்தில் பதித்திருக்கிறது, பை 5-ல் வெளி ஆன்டெனா மாட்ட இணைப்பும் இல்லை. சுற்றிலும் உலோகம் வந்தால் சிக்னல் குறையத்தான் செய்யும். பக்கங்கள் திறந்த வகையில் பாதிப்பு குறைவு, முழுதாக மூடிய வகையில் அதிகம். நீங்கள் டிவி பக்கத்தில்தான் வைக்கிறீர்கள், ரவுட்டரும் அங்கேயே இருக்கும். ஒரு லேன் கேபிள் போட்டுவிடுங்கள். 24 மணி நேரம் ஓடும் சர்வருக்கு எப்படியும் கேபிள்தான் நல்லது.

போட்டோக்கள் சேர்ப்பதால் எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் வேகமான டிரைவ்) வேண்டும். பை 5-ல் எம்.2 என்ற கூடுதல் போர்டு மாட்டி, என்விஎம்இ என்ற இன்னும் வேகமான வகை எஸ்எஸ்டி வைக்கலாம் என்று ஆசை வரும். வேகம் உண்மைதான். ஆனால் அந்தப் போர்டுகளில் பல ப்ராசஸருக்கு மேலேயே வந்து உட்காரும், துடுப்புள்ள மேல் தட்டு வைக்க இடம் இருக்காது. எஸ்எஸ்டியின் சொந்தச் சூடும் உள்ளேயே சேரும். உங்கள் வேலைக்கு யுஎஸ்பி 3 எஸ்எஸ்டி தாராளம். அதன் சூடு அதன் பெட்டியிலேயே, கேஸுக்கு வெளியே போகட்டும். அடாப்டர் மட்டும் 5 வோல்ட் 5 ஆம்பியர் கொடுக்கும் 27 வாட் அடாப்டராக இருக்க வேண்டும். 3 ஆம்பியர் அடாப்டர் போட்டால் யுஎஸ்பி போர்ட்கள் எல்லாம் சேர்ந்து 600 மில்லி ஆம்பியருக்கு மேல் கொடுக்காது, எஸ்எஸ்டி பாதியில் தொலைந்துபோகும்.

அடாப்டரைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேகம் குறைந்தால் எல்லோரும் கேஸைத்தான் திட்டுவார்கள். வோல்டேஜ் குறைந்தாலும் பை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிது. ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் விசிஜென்சிஎம்டி (vcgencmd) என்ற கட்டளை இருக்கிறது. அதோடு 'மெஷர் டெம்ப்' (measure_temp) போட்டால் வெப்பநிலை வரும், 'கெட் த்ராட்டில்டு' (get_throttled) போட்டால் ஓர் எண் வரும். 0x என்ற முன்னொட்டுக்குப் பிறகு வெறும் 0 வந்தால் எல்லாம் சுகம். 50000, 50005 என்று வந்தால் மின்சாரம் போதவில்லை, அடாப்டரையோ கேபிளையோ மாற்றுங்கள், கேஸைத் தொடாதீர்கள். 80000, 80008, இல்லை முன்னால் ஆங்கில 'இ' எழுத்தோடு வந்தால் வெப்பம் எல்லையைத் தொட்டிருக்கிறது. கடைசி இலக்கம் இப்போதைய நிலை, முதல் இலக்கம் பூட் ஆனதிலிருந்து எப்போதாவது நடந்ததா என்பது. ஆகவே ஒரு வாரம் ஓடவிட்டு ஒரு தடவை பார்த்தாலே தெரிந்துவிடும்.

சோதனைக்கு, ப்ராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் ஸ்ட்ரெஸ்-என்ஜி (stress-ng) என்ற மென்பொருளை நிறுவி நான்கு கோரையும் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அறை வெப்பநிலையையும் சிப் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கேஸின் குணம், அது அறை மாறினாலும் பெரிதாக மாறாது. இப்போது 28 டிகிரி அறையில் 63 வந்தால் வித்தியாசம் 35. மே மாதம் 39 ஆனால் 74 வரும் என்று இன்றைக்கே சொல்லிவிடலாம். வித்தியாசம் 40-ஐத் தாண்டினால் முதலில் பேடைத் திறந்து பாருங்கள்.

அப்படியும் கோடைக்குப் போதாது என்று தெரிந்தால் கான்ஃபிக் கோப்பில் ப்ராசஸரின் உச்ச வேகத்தை 2000 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடுங்கள். வேகம் குறையும்போது சிப்புக்குத் தேவையான வோல்டேஜும் குறைகிறது, வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பச் சூடு குறைகிறது. ஆகவே ஆறில் ஒரு பங்கு வேகத்தை விட்டுக்கொடுத்தால் அதைவிட அதிகமான சூடு போகும். நீங்கள் சொன்ன மூன்று வேலைகளிலும் அந்த வித்தியாசத்தை உங்களால் உணர முடியாது.

ராஸ்பெரி பை கம்பெனியின் சொந்த ஆக்டிவ் கூலர் ஃபேனையும் பலர் சொல்வார்கள். நல்ல சாதனம், விலையும் குறைவு. ஆனால் அது 50 டிகிரியில் சுற்றத் தொடங்கும்படி அமைத்திருக்கிறார்கள். 38 டிகிரி அறையில் பை சும்மா இருந்தாலே 50-ஐத் தாண்டிவிடும், கோடை முழுக்க அது நிற்கவே நிற்காது. அமைப்பை மாற்றலாம்தான். ஆனாலும் நம் வீட்டுத் தூசியையும் முடியையும் சேர்த்துக்கொண்டு ஒரு வருஷத்தில் அந்தச் சின்ன ஃபேன் கிரீச்சிடத் தொடங்கினால், படுக்கையறையில் தூக்கம் போகும். நாள் முழுக்க வீடியோ மாற்றுவது, நிரல் கம்பைல் செய்வது போன்ற வேலை என்றால் நானே ஃபேன் வாங்கச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அது தேவையில்லை.

கடைசியாக நண்பரின் பை 4 கேஸ். பொருந்தாது. பை 5-ல் லேன் போர்ட்டும் யுஎஸ்பி போர்ட்களும் பக்கம் மாறிவிட்டன, 3.5 மி.மீ. ஆடியோ ஜாக் எடுக்கப்பட்டுவிட்டது, பவர் பட்டன் புதிதாக வந்திருக்கிறது. சிப்கள் இருக்கும் இடமும் வேறு, தூண் தப்பான இடத்தில் இறங்கும். ஓரத்தை அறுத்துப் பொருத்திவிடலாம் என்று முயல வேண்டாம், உலோகம் எங்காவது சாலிடரில் பட்டால் போர்டே போய்விடும். ஆனால் அந்த கேஸோடு நண்பரிடம் பை 4 போர்டும் சும்மா கிடந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பை-ஹோலை அதில் தனியாகப் போட்டுவிடலாம். வீட்டுப் போன்கள் இணையதள முகவரிகளைத் தேடுவது பை-ஹோல் வழியாகத்தான், அது தனியாக ஓடினால் இம்மிச்சுக்காக பை 5-ஐ அணைத்து அணைத்துப் போடும் நாட்களில் வீட்டில் இன்டர்நெட் நிற்காது. அந்த வேலைக்கு அதே கேஸ் மே மாதத்திலும் வெதுவெதுப்பைத் தாண்டாது.